பாட்டுக்குள் வீடு

எண்பதுகளில் கிழக்குக் கரையின் கல்முனைக்குடியிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்களுக்கு ஊரிலிருந்து இரண்டு விதமாகக் கடிதம் போகும். ஒன்று நீல நிற ஏரோகிராம். மற்றது கெஸட். உம்மாவுக்கு எழுத வராது. வந்தாலும் சொல்ல நினைத்தது தாளில் அடங்காது. அதனால் அஸர் தொழுத பிறகு கெஸட் ரேடியோவை மேசையில் வைத்து, சிவப்புப் பட்டனை அமுக்கி, வீடே சுற்றி உட்கார்ந்து பேசும். ஸலாத்தோடு தொடங்கும். சின்னப் பிள்ளை சூறா ஓதிக் காட்டும். மூத்தம்மா ஒரு கவி படிப்பா. பின்னால் கோழி கொக்கரிக்கும், கதவு கிறீச்சிடும், கடல் விடாமல் இரைந்துகொண்டிருக்கும். தூரத்து அறையொன்றில் அந்த கெஸட் ஓடும்போது கேட்பவரை அழவைத்தது பல நேரம் அந்தக் கதவுதான். பேச்சை அவர் எதிர்பார்த்திருந்தார். கதவை எதிர்பார்க்கவில்லை.

அந்த கெஸட்டுகளை யாரும் இசை என்று சொன்னதில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயே பதிந்த பாட்டுத் தொகுப்புகளை, இளைஞர்கள் ‘லோ-ஃபை’ என்று சொல்லும் அந்த வகையை, கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவுச் சத்தம் ஞாபகம் வந்துவிடுகிறது. துல்லியம் குறைந்த ஒலி என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். 1986இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலியில் வில்லியம் பெர்கர் என்ற அறிவிப்பாளர், வீடுகளில் பதிந்த பாடல்களுக்கென்று நடத்திய நிகழ்ச்சிக்கு அந்தப் பெயரை வைத்தார். குறை என்று ஒதுக்கப்பட்டது ஒரு வகையின் பெயராகிவிட்டது.

தமிழர் ஒருவரின் வீட்டில் தொடங்கி உலகம் முழுக்கப் போன இப்படியான தொகுப்பு என்றால் ‘அருளர்’தான். எம்.ஐ.ஏ. என்று அறியப்படும் மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போர் மூண்ட பிறகு அகதியாக லண்டன் திரும்பியவர். அவர் படித்தது சினிமா. எலாஸ்டிகா என்ற குழுவின் ஜஸ்டின் ஃபிரிஷ்மன், ரோலண்ட் எம்.சி.-505 என்ற கருவியை அவருக்கு இரவல் கொடுத்தார். பட்டன்களைத் தட்டித் தாளத்தை அடுக்கிக்கொள்ளும் ஒரு பெட்டி அது. மேற்கு லண்டனில் தான் இருந்த வீட்டில் அந்தப் பெட்டி, ஏற்கெனவே யாரோ பாவித்த நாலு தட டேப் ரெக்கார்டர், ஒரு மைக் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு ஆறு பாட்டுகளைப் பதிந்தார். அவற்றில் ஒன்று ‘கலாங்’. 2003இல் அது வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளிவந்தது. 2005 மார்ச்சில் எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ் வழியாக முழுத் தொகுப்பும் வந்து, அந்த ஆண்டு மெர்குரி பரிசின் இறுதிப் பட்டியலிலும் இடம்பிடித்தது. தொகுப்புக்கு வைத்தது தந்தையின் இயக்கப் பெயர்.

‘அருளர்’ முழுவதும் அறைக்குள்ளேயே முடிந்ததல்ல. பிறகு ஸ்டூடியோக்களில் பலர் கைவைத்திருக்கிறார்கள். தாளமும் அதிரத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் குரலைக் கவனியுங்கள். பக்கத்து அறையில் இருப்பவளைக் கூப்பிடுவது போல இருக்கும். வீட்டில் பழகிய குரல் அப்படித்தான் பாடும், அதை ஸ்டூடியோவில் எவராலும் சொல்லிக்கொடுக்க முடியாது.

இதைப் பெரிய பாடகர் ஒருவரும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார். 1982 ஜனவரியில் நியூ ஜெர்ஸியில் தன் வீட்டில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நாலு தட டாஸ்காம் கருவியில், கிட்டாரும் மவுத் ஆர்கனுமாகத் தனியாகப் பாடி வைத்தார். குழுவுக்குப் பாட்டைக் காட்டுவதற்கான மாதிரி, அவ்வளவுதான். அந்த கெஸட்டைக் கூடுகூட இல்லாமல் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார். பிறகு முழுக் குழுவோடும் ஸ்டூடியோவில் அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். ஒலி சுத்தமாக இருந்தது, பாட்டு செத்துப்போயிருந்தது. கடைசியில் பையில் கிடந்த கெஸட்டே ‘நெப்ராஸ்கா’ என்ற தொகுப்பாக அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தது.

எங்கள் கரையில் பாடத் தெரிந்தவருக்கு நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது: கொழும்பு. வானொலியில் குரல் வர வேண்டுமானால் குரல் தேர்வுக்கு அங்கேதான் போக வேண்டும். அம்பாறைப் பக்கமும் பாட்டுக்கு மலடல்ல. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் அறுபதுகளின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் மாணவராக இருந்தவர். ‘சின்ன மாமியே’ பாட்டால் தமிழ்ப் பொப் இசைக்கு வாசல் திறந்தவர் அவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் பழக்கம் அம்பாறை மாவட்டத்துக்குப் புதிதல்ல என்று சொல்ல அந்த ஒருவர் போதும்.

அவருக்கும் வெகு முன்பிருந்தே இங்கே அப்படிப் பாடி வந்தவர்கள் பெண்கள். கிழக்குக் கரை முஸ்லிம்களின் ‘கவி’ நாலு வரியில் முடிந்துவிடும். மச்சானை நினைத்து, மச்சி மேல் கோபித்து, வெளியூர் போனவனுக்குச் சொல்லியனுப்பி, மாமியைக் குத்திக் காட்டி எதற்கும் ஒரு கவி உண்டு. வயலில் ஆணும் படிப்பான். ஆனால் அது அதிகம் வாழ்ந்தது அடுப்படியிலும் தொட்டிலடியிலும் பன் பாய் இழைக்கும் திண்ணையிலும்தான். வாத்தியம் கிடையாது. பாய் இழைக்கும் கை எந்த வேகத்தில் போகிறதோ அதுதான் தாளம். இசை பற்றி எங்கள் ஊர்களில் ஒரே கருத்து இல்லை, அது எல்லாருக்கும் தெரிந்ததே. மேடையேறிப் பாட நினைத்த எத்தனையோ பிள்ளைகளின் ஆசை வாசற்படியோடு நின்றிருக்கிறது. வாசற்படிக்கு உள்ளே பாட்டு நின்றதில்லை. அதனால்தான் சொல்கிறேன்: வீட்டுப் பதிவை, ஸ்டூடியோவுக்குக் காசில்லாதவர் செய்யும் சமாளிப்பு என்று இந்தக் கரையில் யாரும் நினைக்கத் தேவையில்லை. எங்கள் பாட்டின் சொந்த இடமே வீடுதான்.

அந்தக் கவிகளை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் ஊர் ஊராகத் தேடித் தொகுத்து நூலாக்கினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இன்று சொல்லும் மிஞ்சியிருக்காது. ஆனால் தாளில் ஏறியது சொல் மட்டும். இழுக்கும் இடம், மூச்சு விடும் இடம், மூன்றாவது வரியில் குரல் தளர்ந்து இறங்கும் விதம் எதையும் அச்சில் கோக்க முடியாது. பிறகு 2004 டிசம்பர் 26இல் சுனாமி வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களைக் கடல் கொண்டுபோனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கரையோர வீடுகளோடு அலமாரிகள் போயின. அலமாரிகளுக்குள் அந்த கெஸட்டுகள் இருந்தன.

இன்று ஸ்மார்ட் போன் இல்லாத வீடு குறைவு. அதிலுள்ள பதிவுக் கருவியே அந்தக் கால டேப் ரெக்கார்டரைவிட நன்றாகப் பதியும். பாட்டு எழுதும் தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் கைப்பட அறிந்த சிலதைச் சொல்கிறேன். இஷாவுக்குப் பிறகு, தெரு அடங்கியதும் பதியுங்கள். போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள்; வியர்க்கும், பரவாயில்லை, ஃபேனின் உறுமல் குரலுக்கு அடியில் ஒட்டிக்கொண்டால் பிறகு பிரிக்க முடியாது. உடுப்பு நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதைப் பார்த்துப் பாடினால் சுவர் எதிரொலி அமுங்கும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். பாடத் தொடங்குமுன் பத்து வினாடி சும்மா இருந்து அறையின் அமைதியையும் பதியுங்கள். ஓடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரைச்சலைக் குறைக்க அந்தப் பத்து வினாடி மாதிரியாக உதவும். குறையுங்கள், ஆனால் முழுதாகத் துடைத்துவிடாதீர்கள். துடைக்கத் துடைக்கக் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் ஆகிவிடும். மருதமுனை வீடென்றால் பக்கத்து வீட்டுத் தறி கேட்கட்டும். கரையோரம் என்றால் கடல் கேட்கட்டும். அவை உங்கள் ஊரின் வாத்தியங்கள், வாடகைக்கு வேறெங்கும் கிடைக்காது.

உங்கள் பாட்டு எப்போது வேண்டுமானாலும் வரட்டும், அதற்கு வயதிருக்கிறது. வீட்டில் மூத்தம்மா இருந்தால் அவவுக்கு முதலிடம் கொடுங்கள். சம்மதம் கேளுங்கள். வெட்கப்படுவா, முதல் நாள் பதியாமல் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கதையுங்கள். மறுநாள் அவ வெற்றிலை மடிக்கும் நேரமாகப் பார்த்துப் போனை வைத்துக் கவி படிக்கச் சொல்லுங்கள். பதிவின் தொடக்கத்தில் அவவின் பெயர், ஊர், திகதி மூன்றையும் உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள், ஒன்று கடலுக்குத் தூரத்தில் உள்ள வீட்டில் இருக்கட்டும். இந்த வாரமே செய்யுங்கள்.