சோறு இறங்கத் தடக்கும்போது

விழுங்குதல் வாயில் தொடங்கி இரைப்பையின் வாசலில் முடிகிறது. நாக்கு உணவைப் பின்னுக்குத் தள்ளியதும் மூச்சுவழி மூடிக்கொள்கிறது. தொண்டைத் தசைகள் ஒரு நொடிக்குள் உணவைக் கீழே அனுப்ப, ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய் அலையலையாகச் சுருங்கி அதை இரைப்பைக்குள் இறக்குகிறது. இந்த வழியில் தடை எங்கே என்பதைத்தான் மருத்துவர் முதலில் அறியப் பார்ப்பார். விழுங்கத் தொடங்கும்போதே புரைக்கேறி இருமல் வந்தால், அல்லது தண்ணீர் மூக்கால் வந்தால், கோளாறு தொண்டையில். பக்கவாதம் வந்தவர்களிடமும் நடுக்குவாத நோயாளரிடமும் இது அதிகம். விழுங்கிச் சில நொடிகள் கழித்து நெஞ்சுக்குள் உணவு நின்றால் கோளாறு உணவுக்குழாயில்.

இலங்கையில் கண்டக்குழி போன்ற கற்பிட்டிக் கரையூர்களில் தொண்டைத் தடை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது மீன்முள். முள் சிக்கியதும் ஒரு பிடி சோற்றை உருட்டி விழுங்குவதும், வாழைப்பழத்தை மெல்லாமல் இறக்குவதும் பழைய கைமருந்து. இது ஆபத்தானது. தொண்டையில் நின்ற முள்ளை அது கீழே தள்ளி உணவுக்குழாயின் சுவரில் குத்தவைக்கலாம். துளை விழுந்தால் நெஞ்சுக்குள் சீழ் கட்டி உயிருக்கே ஆபத்தாகும். முள் போன பிறகும் அது கீறிய இடம் ஓரிரு நாள் உறுத்துவது உண்டு. ஆனால் நெஞ்சுவலி, காய்ச்சல், எச்சில்கூட இறங்காத நிலை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 என்ற எண்ணில் அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

முள்ளும் இல்லை, சோறும் தடையின்றி இறங்குகிறது, ஆனாலும் தொண்டைக்குள் ஏதோ நிற்கிறது என்பவர்கள் பலர். எச்சிலை விழுங்கும்போது உறுத்தும், சாப்பிடும்போது மறைந்துவிடும். மனஅழுத்தமும் இரைப்பை அமிலம் மேலெழுவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். பயத்தில் அடிக்கடி எச்சிலை விழுங்கிப் பார்ப்பதால் உறுத்தல் இன்னும் கூடும். உறவினர் ஒருவர் புற்றுநோயால் இறந்த வீட்டில் இந்த உணர்வு தூக்கத்தையே பறித்துவிடும். அது பொய்யான துன்பம் அல்ல. ஆனால் சாப்பாடு தடையின்றி இறங்குவதும் எடை குறையாமல் இருப்பதும் ஆறுதலான அறிகுறிகள்.

புற்றுநோயின் போக்கு வேறு. உணவுக்குழாய் 2 சென்டிமீட்டருக்கும் மேல் விரியக்கூடியது. அதன் உள்வழி 13 மில்லிமீட்டருக்குக் கீழே ஒடுங்கும்போதுதான் திட உணவு தொடர்ந்து தடக்கத் தொடங்கும். முதலில் இறைச்சியும் பாணும் நிற்கும், பிறகு சோறு, அதன்பின் கஞ்சி, கடைசியில் தண்ணீர். வாரக்கணக்கில் அல்லது மாதக்கணக்கில் இப்படிக் கூடிக்கொண்டே போவதும், அதோடு உடல் மெலிவதும், குரல் கரகரப்பதும், இரத்த வாந்தி வருவதும் கறுத்த மலம் போவதும் காத்திருக்கக் கூடாத அடையாளங்கள். பலர் இந்த மாற்றத்துக்குத் தங்களை அறியாமலே பழகிவிடுகிறார்கள். ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைக்கிறார்கள், சோற்றைச் சொதியில் குழைக்கிறார்கள், ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்கிறார்கள். வயதாகிவிட்டது என்று வீட்டாரும் விட்டுவிடுகிறார்கள். நோய் முற்றிய நிலையில் தெரியவருவதற்கு இந்தப் பழகிப்போதலும் ஒரு காரணம்.

உலகில் 2022இல் மட்டும் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. இலங்கையில் ஆண் பெண் இருபாலாரிடமும் முன்னணியில் உள்ள புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. புகைத்தலும் மதுவும் முக்கியக் காரணங்கள். இரண்டும் சேரும்போது ஆபத்து பலமடங்காகும். கடலிலும் கரையிலும் மெல்லும் வெற்றிலையையும் இவற்றோடு சேர்க்க வேண்டும். புகையிலை இல்லாத வெற்றிலைக்கூட்டும் பாக்கும்கூடப் புற்றுநோய் தருபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியது. 65 பாகை செல்சியசுக்கு மேல் சூடான பானங்கள் புற்றுநோய் தரக்கூடும் என்று 2016இல் அதே முகமை கூறியது. பெண்களிடம் நாட்பட்ட இரும்புச்சத்துக் குறைபாடு குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வை உண்டாக்கி விழுங்குவதைக் கடினமாக்கும். அந்த நிலை நீடித்தால் புற்றுநோய் அபாயமும் கூடும். இரத்தச்சோகைக்குத் தரும் சாதாரண இரும்பு மாத்திரையை ஒழுங்காக எடுப்பது இங்கே உண்மையான தடுப்பு.

பரிசோதனையைப் பற்றிய பயம், நோயைப் பற்றிய பயத்துக்குச் சளைத்ததல்ல. உணவுக்குழாயின் உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்குச் சில மணிநேரம் பட்டினி இருந்து, தொண்டையை மரக்கவைக்கும் மருந்து தெளித்தபின், சுண்டுவிரலைவிட மெல்லிய குழாயை உள்ளே செலுத்துவார்கள். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சு அடைபடாது, ஏனெனில் குழாய் போவது உணவு வழியில். சந்தேகமான இடத்தில் அரிசியளவுகூட இல்லாத சதைத்துணுக்கை எடுப்பார்கள். சதை எடுத்தால் புற்றுநோய் பரவும் என்ற பேச்சை நம்பி எத்தனையோ பேர் திரும்பிப்போயிருக்கிறார்கள். அந்தத் துணுக்கு இல்லாமல் நோயை உறுதிப்படுத்த முடியாது. கண்டக்குழி மக்களுக்கு அருகில் கற்பிட்டி, புத்தளம் அரச வைத்தியசாலைகள் உள்ளன. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான நாட்டின் பிரதான அரச மருத்துவமனை மஹரகமவில் உள்ள அபேக்ஷா.

தடையின் காரணம் பல நேரம் புற்றுநோயாக இருப்பதில்லை. அமிலத்தால் வந்த புண்ணை மாத்திரை ஆற்றும். தழும்பால் ஒடுங்கிய குழாயைப் பலூன் கொண்டு விரிக்கலாம். உணவுக்குழாயின் கீழ்வாயில் தசை தளராத அகலேசியா நோயும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தோமஸ் வில்லிஸ் இப்படியான ஒரு நோயாளிக்குத் திமிங்கில எலும்பின் முனையில் கடற்பஞ்சைக் கட்டிக் கொடுத்து உணவை உள்ளே தள்ளச் செய்தார். இன்று அந்தத் தசையை வெட்டித் தளர்த்துகிறார்கள். புற்றுநோயே என்றாலும், தொடக்கத்தில் தெரிந்தால் அறுவையாலும் கதிர், மருந்துச் சிகிச்சைகளாலும் குணமாக வாய்ப்புண்டு. முற்றியிருந்தால் வலைக்குழாய் ஒன்றை உள்ளே பொருத்தி மீண்டும் சாப்பிட வழிசெய்யலாம்.

காரணம் தெரியும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, நன்றாக மென்று உண்பது நல்லது. காய்ந்த பிட்டைவிடக் குழைந்த சோறும் சொதியில் ஊறிய இடியப்பமும் எளிதாக இறங்கும். மாத்திரைகளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். பக்கவாதத்தால் புரைக்கேறுபவர்களுக்கு விதி வேறு. அவர்களுக்குத் தண்ணீர்தான் திட உணவைவிட அபாயம். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். எவ்வளவு கெட்டியான பானம் பாதுகாப்பானது, தலையை எப்படித் தாழ்த்தி விழுங்குவது என்பதைப் பேச்சுச் சிகிச்சையாளர் சோதித்துப் பார்த்துச் சொல்லித்தருவார்.