போஸ்டரில் விடுபட்ட பெயர்: ‘டியர் ஒயிட் பீப்பிள்’ நமக்கு என்ன சொல்கிறது?

‘டியர் ஒயிட் பீப்பிள்’ படத்தைப் பத்திப் பேசச் சொல்லி ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. கூடவே, “அமெரிக்க காலேஜ் கதை நமக்கு எதுக்கு?”ன்னும் ஒரு கேள்வி. அதுக்குத்தான் இந்த எபிசோட்.

ஜஸ்டின் சிமியன் இயக்கி 2014-ல் வந்த நையாண்டிப் படம் இது. வெள்ளையர்கள் நிறைஞ்ச வின்செஸ்டர்ங்கிற கற்பனைப் பல்கலைக்கழகம். அங்கே படிக்கிற சில கறுப்பின மாணவர்கள். சாம் காலேஜ் ரேடியோவில் வெள்ளையர்களைக் கிண்டலடிச்சு நிகழ்ச்சி நடத்துறா. லயனலோட சுருட்டைமுடியைத் தொட்டுப் பார்க்க ஆளாளுக்குக் கை நீட்டுறாங்க. அவங்க யாரும் தங்களைக் கெட்டவங்கன்னு நினைக்கல. கடைசியில், முகத்தில் கறுப்பு மை பூசிக்கிட்டு, கறுப்பின மக்களைக் கேலி பண்ணுற வேஷத்தில் ஒரு பார்ட்டி.

“இதெல்லாம் கொஞ்சம் ஓவர்”னு நினைக்கும்போது படம் முடியுது. எண்ட் கிரெடிட்டில், நிஜ அமெரிக்கக் காலேஜ்களில் நடந்த அதே மாதிரி பார்ட்டிகளோட போட்டோக்கள் வருது. மிகைன்னு நினைச்சது செய்தின்னு தெரியுது. நையாண்டியோட வேலையே அதுதான். அடிபட்டவங்களைப் பார்த்து நம்மைப் பரிதாபப்பட வைக்காது. சும்மா சிரிச்சிட்டிருந்த நம்மைக் கூச வைக்கும்.

நான் செங்கல்பட்டுக்காரன். ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரைக்கும் எங்க பக்கம் எத்தனையோ காலேஜ் இருக்கு. நான் படிச்ச இடத்தில் யாரும் என்கிட்ட ஜாதி கேட்டதில்லை. “எந்த ஊரு?”ன்னு கேட்பாங்க. சொன்னா, “ஊர்லயா, காலனியிலயா?”ன்னு அடுத்த கேள்வி வரும். கேட்ட சீனியர் சிரிச்ச முகத்தோடதான் கேட்டார். லயனல் முடியைத் தொட்ட கைகளைப் பார்த்தப்போ எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சிரிப்புதான்.

நம்ம ஊர் எண்ட் கிரெடிட்டில் என்ன வரும்? 2008, சென்னை. டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் தேவர் ஜெயந்திக்கு ஒரு போஸ்டர். அதில் கல்லூரிப் பெயர் இருக்கு, ‘அம்பேத்கர்’ மட்டும் இல்லை. உள்ளே ஏற்கெனவே இருந்த ஜாதிப் பகை அதில் பத்திக்கிச்சு. நவம்பர் 12 அன்னிக்கு மாணவர்கள் மோதிக்கிட்டாங்க. போலீஸ் நின்னு வேடிக்கை பார்த்ததை டிவியில் பார்த்தோம். அந்த அடிக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனா அடியைப் பத்திப் பேசின அளவுக்கு அந்த விடுபட்ட பெயரைப் பத்தி நாம பேசல.

அடுத்து நடந்ததுதான் பெரிய நையாண்டி. கல்லூரியை வேற இடத்துக்கு மாத்தணும்னு விசாரணை ஆணையம் பரிந்துரை செய்தது. மாணவர்கள் எதிர்த்துப் போராடினாங்க. ஆனாலும் 2018-ல் கல்லூரியை ரெண்டாப் பிரிச்சு, ஒண்ணை திருவள்ளூர் பக்கம் பட்டறைப்பெரும்புதூருக்கும், இன்னொண்ணை எங்க கேளம்பாக்கம் பக்கத்தில் புதுப்பாக்கத்துக்கும் கொண்டுபோனாங்க. ஹைகோர்ட் வாசலில் இருந்த சட்டக் கல்லூரிக்கு புது விலாசம் கிடைச்சது. விலாசம் மாறினா ஜாதி வழி தெரியாம நின்னுடுமா?

அதே 2018-ல்தான் மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ வந்தது. அதுவும் சட்டக் கல்லூரிக் கதை, நெல்லையில் நடக்குது. பரியனோட வலியை நமக்குள்ள இறக்கின படம். அதைப் பார்த்து நாம அழுதோம். ஆனா அழுதவங்களுக்கு ஒரு வசதி உண்டு: ‘நான் அந்த வில்லன் இல்லை’ன்னு நிம்மதியா வீட்டுக்குப் போயிடலாம்.

“நான் ஜாதியே பார்க்க மாட்டேன்”னு சொல்லிட்டு, வீடு வாடகைக்கு விடும்போது “நான்வெஜ் சாப்பிடுவீங்களா?”ன்னு கேட்கிறவரை, ஊர்ப் பெயர் கேட்டுச் சிரிக்கிற சீனியரை, போஸ்டரைப் பார்த்தும் பேசாம கிளாசுக்குப் போனவரைக் கூச வைக்கிற ஒரு தமிழ் கேம்பஸ் நையாண்டிக்குத்தான் நான் காத்திருக்கேன். அதில் சிரிப்பு நம்ம மேலதான் விழும். விழட்டும்.

உங்க காலேஜில், கேட்க மறந்த மாதிரியே ஜாதியைக் கேட்ட கேள்வி எது? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசலாம்.