முதல்ல கழிங்க... அப்புறம் கூட்டுங்க!

காலேஜ் முடிச்சு முதல் வேலையில் சேர்ந்துட்டீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு போன் அலறுது. 'மூணு சர்வர்ல ஒண்ணு காலி!' உடனே என்ன தோணும்? 'புதுசா ஒண்ணைச் சேர்த்துடலாம்' என்றுதானே? வம்பே அங்கேதான் ஆரம்பம் பாஸ்!

பல சர்வர்களைச் சேர்த்துக் கட்டி, ஒண்ணு போல வேலை வாங்குவதுதான் கிளஸ்டர். அதில் ஒவ்வொரு சர்வரும் ஒரு நோடு. 2014-ல் கூகுள் வெளியிட்ட குபெர்நெட்டீஸை எடுத்துக்குங்க. எந்த புரோகிராம் எத்தனை ஓடணும் என்பது வரை அதோட ஞாபகமெல்லாம் 'எட்சிடி' என்கிற டேட்டாபேஸில் இருக்கு. எட்சிடிக்கு ஒரே சட்டம்தான்: எதை எழுதணும்னாலும் மெஜாரிட்டி நோடுகள் ஒத்துக்கணும்.

உங்க ஹாஸ்டல் மெஸ் கமிட்டின்னு வெச்சுக்குங்க. மெம்பர்கள் மூணு பேர். ரெண்டு கை தூக்கினா தீர்மானம் பாஸ். ஒருத்தர் சொல்லாம கொள்ளாம ஊருக்குப் போயிட்டார். பரவாயில்லை, மிச்சம் ரெண்டு பேர் இருக்காங்க. மெஸ் ஓடும்.

இப்போ அவர் பெயரை அடிக்காமலே நாலாவது ஆளைச் சேர்க்கறீங்க. பட்டியலில் நாலு பேர் ஆச்சா? இனிமே மூணு கை வேணும். புது ஆளோட ரூம் நம்பரைத் தப்பா எழுதிட்டீங்க, தகவலே போகலை, அவர் வரலை. இருக்கறது ரெண்டே கை! சரி, அவரை நீக்கிடலாம்னா... நீக்கறதுக்கும் மூணு கை வேணுமே! மாட்டிக்கிட்டீங்களா?

கிளஸ்டரிலும் இதே கதைதான். புது நோடின் ஐ.பி. முகவரியில் ஒரு எண் தப்பினால் போதும். ஓடிக்கிட்டிருக்கிற புரோகிராம்கள் ஓடும். ஆனால், புதுசா எதையும் மாற்ற முடியாது. இந்த மாதிரி சேர்க்கையைத் தடுக்க எட்சிடியிலேயே ஒரு சோதனை இருக்கு. அவசரத்தில் அதை ஆஃப் பண்ணிடாதீங்க!

சரி, என்ன செய்யணும்?

முதலில் பேக்-அப். அடுத்து, செத்த நோடைப் பட்டியலில் இருந்து நீக்குங்க. இப்போ ரெண்டு பேர், ரெண்டு ஓட்டு. அப்புறம் புது நோடைச் சேருங்க. பட்டியல் மூணு, தேவை ரெண்டு. புது ஆள் வராவிட்டாலும் பழைய ரெண்டு பேர் சேர்ந்து அவரை நீக்கிட முடியும். 2019-ல் வந்த எட்சிடி 3.4-ல் இன்னொரு வசதியும் உண்டு. புது நோடை 'லேர்னர்' ஆகச் சேர்க்கலாம். டேட்டாவை முழுசா வாங்கிக்கிற வரைக்கும் அதுக்கு ஓட்டு கிடையாது. நம்ம ஃபர்ஸ்ட் இயர் ஜூனியர் மாதிரி!

ஒரு குட்டிக் கணக்கு. மூணு நோடு இருந்தால் ஒண்ணு போனாலும் சமாளிக்கலாம். நாலு இருந்தாலும் ஒண்ணுதான். அஞ்சு இருந்தால்தான் ரெண்டு. அதனால்தான் இந்த ஏரியாவில் ஒற்றைப்படைக்கு மவுசு.

லேப்பில் மூணு பழைய கம்ப்யூட்டர் சும்மா கிடக்கா? இந்த வாரமே ஒரு கிளஸ்டர் போடுங்க. ஒண்ணோட பிளக்கைப் பிடுங்குங்க. நீக்கிப் பாருங்க, சேர்த்துப் பாருங்க. லேப்பில் நூறு தடவை தப்பு பண்ணலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு தடவைகூட முடியாது!