மட்டிப் பழத்துக்கு மணம் வருவது எப்படி?

குமரி மாவட்டத்தில் மட்டிக் குலை பழுத்துத் தொங்கும் வீட்டை வாசலில் நின்றே கண்டுகொள்ளலாம். ஏத்தன், ரசகதலி, செந்துளுவன், பாளையங்கோடன் என்று எத்தனையோ வாழைகள் இங்கு உண்டு. சிறிய காய்களை உடைய மட்டிக்குத் தனி மதிப்புக் கிடைப்பது அதன் மணத்தாலும் இனிப்பாலும்தான். கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் விளையும் இப்பழத்துக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. எடையில் மட்டி ஏத்தனோடு போட்டி போட முடியாது. மணமும் போய்விட்டால் விலை கேட்க என்ன இருக்கிறது? ஆகவே அந்த மணம் எப்படி உண்டாகிறது, எப்படிக் கெடுகிறது என்று மட்டி பயிரிடுவோர் தெரிந்திருப்பது அவசியம்.

பச்சைக் காயில் பழ மணம் கிடையாது. அது பழுக்கும்போதுதான் உற்பத்தியாகிறது. வாழைக்காயின் சதையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. காய் முற்றியதும் எதிலீன் என்ற வாயு அதனுள்ளேயே உண்டாகிறது. அதுதான் பழுக்கத் தொடங்குவதற்கான உத்தரவு. உடனே காயின் சுவாசம் பல மடங்கு கூடுகிறது. மாவு சர்க்கரையாகிறது, தோலின் பச்சை மறைகிறது. மணப் பொருள்கள் பெரும்பாலும் இதற்குப் பிறகே பெருகுகின்றன. சதையிலுள்ள லூசின், வாலின் போன்ற அமினோ அமிலங்கள் ஒரு வகைச் சாராயப் பொருள்களாக மாறி, பின்னர் அமிலங்களோடு இணைந்து 'எஸ்டர்' எனப்படும் பொருள்களாகின்றன. வாழைப்பழ மணத்தில் முதலிடம் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற எஸ்டருக்கு. மிட்டாய்க்கு வாழைப்பழ வாசனை ஊட்டச் சேர்ப்பதும் இதுவே. ஆனால் மிட்டாய் பழம்போல மணப்பதில்லை. பழத்தில் இதனோடு இன்னும் பல எஸ்டர்களும், கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் கூடச் சிறிதளவும் கலந்திருப்பதே காரணம். மாறாமலைக் கிராம்புக்கும் மட்டிப் பழத்துக்கும் இப்படி ஓர் உறவு!

தோட்டத்தில் தேன்பெட்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்கலாம். தேனீ கொட்டும்போது மற்ற ஈக்களை அழைக்க வெளிவிடும் வாசனையிலும் ஐசோஅமைல் அசிட்டேட்தான் முக்கியப் பொருள். வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காமலிருப்பது நல்லது.

மணம் கெடுவது பெரும்பாலும் அரிவாளில்தான் தொடங்குகிறது. ஓணச் சமயத்து விலையை எண்ணி முற்றாத குலையை வெட்டினால், மணமாகவும் இனிப்பாகவும் மாற வேண்டிய சரக்கு காயில் போதிய அளவு சேர்ந்திருக்காது. பிறகு எப்படிப் பழுக்க வைத்தாலும் சப்பென்றுதான் இருக்கும். காயின் விளிம்புகள் மழுங்கி உருண்டு வருவதும், நுனியில் காய்ந்த பூ தொட்டதும் உதிர்வதும் முற்றியதன் அடையாளங்கள்.

அடுத்த தவறு கார்பைடு கல். இதிலிருந்து வரும் அசிட்டிலீன் வாயு எதிலீனைப் போல நடித்துக் காயை ஏமாற்றுகிறது. தோல் மஞ்சளாகிவிடும், சதை பின்தங்கி நிற்கும். நிறத்தைப் பார்த்து வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் நச்சுகளும் கலந்திருக்கக்கூடும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் இம்முறையைத் தடை செய்துள்ளன. பழுக்க வைக்கும் அறைகளில் எதிலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

வாயு அறை வசதி இல்லாத சிறு விவசாயிக்குப் பழைய மூட்டம் இருக்கவே இருக்கிறது. புகையிலும் எதிலீன் உண்டு. ஆனால் அடைத்ததை அப்படியே விட்டுவிடக் கூடாது. காய்கள் மூச்சுவிட்டுக் கரியமில வாயு நிறைந்து, பிராணவாயு குறைந்துபோனால், பழத்தில் மணத்துக்குப் பதில் கள் நெடிதான் வரும். ஒரு நாள் மூட்டத்துக்குப் பின் திறந்து, காற்றாடத் தொங்கவிட வேண்டும். நாலைந்து சீப்புகள்தான் என்றால் மூட்டமும் வேண்டாம். கனிந்த பழங்கள் இரண்டைச் சாக்கில் கூடவே போட்டுக் கட்டினால், அவற்றின் எதிலீனே மற்றவற்றைப் பழுக்க வைக்கும்.

குளிர்பெட்டியில் காயாக வைப்பதும் ஆகாது. 13 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே போனால் தோல் கறுக்கும், பிறகு சரியாகப் பழுக்காது. தோல் முழு மஞ்சளாகி, ஓரிரு பழுப்புப் புள்ளிகள் விழத் தொடங்கும்போதுதான் மணம் நன்கு கூடியிருக்கும். அருகிலுள்ள சந்தைக்கோ வீட்டு வாசலில் வாங்குவோருக்கோ அந்தப் பருவத்தில் கொடுக்கலாம். வெளியூருக்கு அனுப்புவதானால் முற்றிய பச்சைக் குலையாகவே அனுப்பி, அங்கே பழுக்கச் செய்வதே சரி.