முகப்பருவுக்கு "மாய டியூப்": முகமே கெட்டுப்போகும் ஆபத்து!

"அண்ணே, பருவுக்கு ஒரு டியூப் குடுங்க!"

சென்னையில் மருந்துக்கடைப் பக்கம் நின்றால் இந்தக் குரலைக் கேட்கலாம். வாலிபர்களே, இளம்பெண்களே, உஷார்! கைக்கு வருவது ஸ்டீராய்டு களிம்பாக இருக்கலாம்.

பரு வெறும் அழுக்கு அல்ல. மயிர்க்காலில் எண்ணெய் அடைத்துக்கொள்கிறது. உள்ளே கிருமி பெருகுகிறது. அதை விரட்ட ரத்த வெள்ளை அணுக்கள் படையெடுக்கின்றன. அந்தச் சண்டையில்தான் தோல் சிவந்து, வீங்கி, சீழ் வைக்கிறது. டாக்டர்கள் இதை 'அழற்சி' என்கிறார்கள். பள்ளமும் கறுப்புத் தழும்பும் அது விட்டுப்போகும் மிச்சம்.

ஸ்டீராய்டு இந்தச் சண்டையை அமுக்கிவிடும். சில நாளில் சிவப்பு மறையும். முகமும் வெளுக்கும். "அடேயப்பா, என்ன பளபளப்பு!" என்று ஆசை வரும்.

அங்கேதான் வினை! தடவுவதை நிறுத்தினால் பரு பழையபடி, ஏன், அதைவிட மோசமாகக் கிளம்பும். மறுபடி டியூப்பைத் தேடச் சொல்லும். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய் வெளியே தெரியும். வெயில் பட்டால் எரியும். பெண்கள் முகத்திலும் முடி முளைக்கும்.

இப்படிப்பட்ட 14 களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. சீட்டா? அதைக் கேட்காமலே எடுத்து நீட்டும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

டியூப்பில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று போட்டிருந்தால் பருவுக்குத் தொடாதீர்கள். ஏற்கெனவே தடவி வருகிறவர்கள், டியூப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போய்க் காட்டுங்கள்.