சாவி கைமாறினால் விற்பனை முடிந்துவிடுமா?

சில மாதங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்த நேரம். எங்கள் பள்ளிவாசலுக்கு ஒரு சகோதரர் நீதிமன்ற சம்மனுடன் வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தம்முடைய இன்னோவா காரைப் பழக்கமான ஒருவருக்கு விற்றிருக்கிறார். முத்திரைத்தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டார். வாங்கியவர் பெயர் மாற்றாமலேயே சில மாதம் ஓட்டிவிட்டு ஒரு புரோக்கரிடம் தள்ளிவிட்டார். புரோக்கரிடமிருந்து அது இன்னொருவர் கைக்குப் போனது. அந்தக் கடைசி ஆள் ஓட்டியபோது, பைக்கில் சென்ற ஓர் இளைஞர் மீது கார் மோதி, அவருக்கு ஒரு கால் போய்விட்டது. காருக்கு இன்சூரன்ஸும் இல்லை. இப்போது இழப்பீடு கேட்டு வழக்கு.

"வித்து மூணு வருஷமாச்சு ஹஜ்ரத், எனக்கு எதுக்கு சம்மன்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

சட்டம் யாரை உரிமையாளர் என்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே பொதுவாக வாகனத்தின் உரிமையாளராகப் பார்க்கிறது. பணம் கொடுத்தவர் யார், ஓட்டியவர் யார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இப்படியே ஒரு வழக்கைத் தீர்த்தது. அந்தக் காரும் பல கைகள் மாறியிருந்தது. யாரும் பெயர் மாற்றவில்லை. விபத்துக்கான இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ள முதல் உரிமையாளரே பொறுப்பு என்று நீதிமன்றம் கூறியது. அதற்குச் சொன்ன காரணம் நியாயமானது. விபத்தில் அடிபட்டவர், கார் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஊர் ஊராகத் தேடி அலைய முடியாது. அவர் கையில் இருப்பது வண்டி எண் மட்டும்தான்.

ஆகவே பெயர் மாற்றம் என்பது வெறும் அரசாங்கச் சடங்கு அல்ல. அடிபட்டவர் யாரிடம் போய்க் கேட்பது என்ற கேள்விக்கு அந்தப் பெயர்தான் பதில்.

எந்தக் காரை வாங்குவது?

நம் வீடுகளில் பெற்றோர், பிள்ளைகள், சாமான்கள் என எல்லாம் ஒரே வண்டியில் போக வேண்டும். ஐரோப்பாவில் இதற்கென்று எஸ்டேட் வகைக் கார்கள் உண்டு. கூரை பின்பக்கம் வரை நீண்டு, சாமான் வைக்க நிறைய இடம் இருக்கும். நம் நாட்டிலும் மாருதி பலேனோ ஆல்டுரா, டாடா இண்டிகோ மெரினா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி என்று வந்தன. ஆனால் பெரிதாக விற்கவில்லை. அந்த இடத்தை இன்னோவா, எர்டிகா போன்றவை பிடித்துக்கொண்டன.

பழைய சொகுசுக் கார் மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் ஆசைப்படுகிறார்கள். உதாரணமாக, புதிதில் 40 லட்சம் விற்ற கார் பல ஆண்டுகள் கழித்து 8 லட்சத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் அதன் கியர்பாக்ஸும் சஸ்பென்ஷனும் 40 லட்ச ரூபாய்க் காருக்கு உரியவை. பழுது வந்தால் அந்தக் கணக்கில்தான் பில் வரும். காரின் விலையோடு, முதல் ஓராண்டில் டயர், பேட்டரி, பெல்ட், பிரேக் இவற்றுக்கு ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

முதலில் பேப்பர்

காரைப் பார்க்கும் முன் பேப்பரைப் பாருங்கள். அரசின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவு தேதி, இன்சூரன்ஸ் நிலவரம் போன்ற விவரங்கள் வரும். நிலுவையில் உள்ள அபராதச் சலான்களையும் பரிவாகன் இணையதளத்தில் பார்க்கலாம். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்திருக்கும் எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்று நேரில் பார்க்க வேண்டும்.

கடன் போட்டு வாங்கிய காராக இருந்தால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கும். கடனை அடைத்துவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. வங்கி தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் வேண்டும். அவற்றைக் கொடுத்து ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கினால்தான் கார் சுத்தமாக உங்களுடையது.

வெளிமாநிலக் காராக இருந்தால் இன்னும் கவனம் தேவை. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களுக்கும் கட்டுப்பாடு வந்த பிறகு, அங்கிருந்து மலிவு விலைக் கார்கள் மற்ற மாநிலங்களுக்கு வருகின்றன. அவற்றுக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, கட்டாயம். இங்கே மறுபதிவு செய்து, இந்த மாநிலத்தின் சாலை வரியையும் கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் சில நேரம் மலிவு மலிவாக இருக்காது.

இன்னோவா போன்ற கார்களில், முன்பு டி போர்டு டாக்ஸியாக ஓடியதா என்றும் விசாரியுங்கள். வெள்ளை போர்டுக்கு மாற்றி விற்பது தவறல்ல. ஆனால் அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது என்பதை அறிந்தே விலை பேச வேண்டும்.

பிறகு கார்

காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். புகைபோக்கியில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கலாம்.

ஓடோமீட்டர் 60 ஆயிரம் என்று காட்டும். ஆனால் பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டீயரிங்கும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். அப்படியென்றால் சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். அவற்றில் அந்தந்தத் தேதியில் ஓடிய கிலோமீட்டர் எழுதியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்தான் பெரிய ஆபத்து. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பகுதிகளிலும் எத்தனையோ கார்கள் நீரில் நின்றன. கழுவி, பாலிஷ் போட்டு, சென்ட் அடித்துவிட்டால் வெளியே தெரியாது. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக் கறை இருக்கும். காலடி விரிப்பைத் தூக்கி முகருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

இதையெல்லாம் பார்க்க உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். புரோக்கர் அழைத்துவரும் மெக்கானிக் வேண்டாம்.

பணம் கொடுத்த பிறகு

படிவம் 29 விற்றதைத் தெரிவிப்பதற்கு, படிவம் 30 பெயர் மாற்றம் கோருவதற்கு. ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு மறந்துவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. அதுதான் அந்தச் சகோதரரையும் நீதிமன்றம் வரை கொண்டுபோனது.

இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். பாலிசி நடப்பில் இருந்தால் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு காரோடு சேர்ந்து வரும். ஆனால் உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்குப் பழைய உரிமையாளரின் பாலிசி தானாக உங்களுக்கு உதவாது. விற்றவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் அவருக்கே உரியது.

விற்பவர், கொடுத்த தேதியும் நேரமும் எழுதிய டெலிவரி நோட், வாங்கியவரின் அடையாள அட்டை நகல் இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது ஆர்.சி.யில் உள்ள பெயரை மாற்றாது. முடிந்தால் இருவரும் சேர்ந்தே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். டீலரிடம் கொடுப்பதானால் அரசின் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். கார் தம்மிடம் வந்ததை அவர் ஆன்லைனில் அரசுக்குத் தெரிவிக்கும் முறை 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

விற்பவரின் கடமை

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டதையும், ஈரத்தை வாங்குவோர் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கண்டித்ததையும் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வெள்ளத்தில் நின்ற காருக்குப் புது விரிப்பு போட்டு விற்பது அந்த ஈரத் தானியம் அல்லாமல் வேறென்ன? "உள்ளது உள்ளபடி விற்கிறேன்" என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டாலும், தெரிந்த குறையை மறைத்த பொறுப்பு நீங்காது. குறையைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றால் அதில் பரக்கத் உண்டு.

அந்தச் சகோதரரை ஒரு வழக்கறிஞரிடம் அனுப்பி வைத்தேன். முதலில் வாங்கியவரும் தலைகுனிந்தபடி உடன் போனார். வழக்கு இன்னும் நடக்கிறது. கடைசியில் யார் பணம் கட்டினாலும், கால் இழந்த அந்த இளைஞர் காத்திருப்பது நாலு பேர் செய்யாமல் விட்ட ஒரு வேலையால்தான். அவருடைய ஹக்கு அவர்கள் எல்லோர் கழுத்திலும் இருக்கிறது. அரை நாள் வேலை, கொஞ்சம் கட்டணம், இரண்டு கையெழுத்து. இவ்வளவோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

உங்கள் பெயரில் விற்ற வண்டி ஏதேனும் ஊரில் ஓடிக்கொண்டிருந்தால் இன்றே எண்ணைப் போட்டுப் பாருங்கள். இன்னும் உங்கள் பெயர் இருந்தால் வாங்கியவரை அழைத்துப் பேசுங்கள். யாருடைய ஹக்கும் நம் கழுத்தில் தொங்காமல் அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக.