அம்பு அமரும் இடம்

வில்வித்தை என்றதும் அருச்சுனனும் ஏகலைவனும் நம் நினைவுக்கு வருவர். அவர்களுடைய கூரிய கண்ணையும் தளராத கையையும் புகழாதவர் இல்லை. ஆனால் அம்பு வில்லில் எதன்மேல் அமர்ந்திருந்தது என்று எவரும் கேட்பதில்லை. இந்த ஆண்டு ஒரு சங்கடம் நேரும்வரை நாங்களும் கேட்டதில்லை.

எங்கள் வில்வித்தை அணியில் ஒருத்தியின் அம்புகள் இரண்டு வாரமாக இலக்கில் சிதறி விழுந்தன. "உனக்குக் கவனமே இல்லை" என்று அவளைக் கடிந்துகொண்டோம். போட்டிக்கு அவளை அழைத்துச் செல்ல வேண்டாம் என்று ஆசிரியையிடமும் சொல்லிவிட்டோம். அவர் பதில் பேசாமல் அவளுடைய வில்லை வாங்கி, ஒரு சிறு கம்பியை விரலால் தொட்டுக் காட்டினார். அது ஆடிற்று! வெயிலில் பசை இளகியிருந்தது.

அந்தக் கம்பிதான் அம்புத் தாங்கி. 'ஏரோ ரெஸ்ட்' என்பர். பழைய ஆங்கிலேய நீள்வில்லில் அம்பு, வில் பிடித்த கையின் மேலேயே அமர்ந்தது. இன்றைய ரிகர்வ் வில்லில் கைப்பிடிக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் இத்தாங்கியை ஒட்டுகிறார்கள். விரல்களிலிருந்து நழுவும் நாண் சற்றுப் பக்கவாட்டில் வழுக்குவதால், அம்பு மீனைப்போல் நெளிந்துகொண்டே வில்லைக் கடக்கிறது. ஆகவே தாங்கி அம்பைத் தாங்கவும் வேண்டும், உடனே வழிவிடவும் வேண்டும். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தொலைவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 12.2 சென்டிமீட்டர்தான். புறப்படும் இடத்தில் மயிரிழை பிசகினாலும் அங்கே தெரிந்துவிடும்.

புதிதாகப் பழகுவோருக்கு பிளாஸ்டிக் தாங்கியே போதும். விலை குறைவு, உடைந்தால் மாற்றிவிடலாம். காந்தம் வைத்த கம்பித் தாங்கி, இறகு பட்டதும் மடங்கிப் பழைய நிலைக்குத் திரும்பும். காம்பவுண்டு வில்லுக்கு, அம்பு புறப்பட்டதும் கீழே விழுந்துவிடும் தாங்கிகள்கூட உண்டு. அவை நமக்கு வேண்டாம்.

எதை வாங்கினாலும் ஒட்டுவதில்தான் சூட்சுமம். முதலில் பழைய பசையை ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும். பிறகு அந்த இடத்தில் விரல் படக்கூடாது, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டவிடாது. பசைத்தாளை உரிக்குமுன் வைத்துப் பார்ப்பது நல்லது. வில்லின் பக்கத்திலிருந்து அம்பைத் தாங்கும் 'பிளஞ்சர்' என்ற ஸ்பிரிங் பொத்தானின் நடுவும் அம்பின் நடுவும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் கம்பியின் நுனி அம்புக்கு வெளியே நீட்டக்கூடாது. நீட்டினால் இறகு அதில் இடிக்கும். சரியாக இருந்தால் அழுத்தி ஒட்டி, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். எங்களுக்கு அந்த ஓர் இரவுதான் மிகக் கடினம்! தாங்கியைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டால், பின்னால் நகர்ந்ததா என்று தெரியும். தாங்கியின் உயரம் மாறினால் நாணில் அம்பு மாட்டும் இடத்தையும் மீண்டும் அளக்க வேண்டும்.

இறகு இடிக்கிறதா என்றறிய, தாங்கியில் முகப்பவுடரைத் தூவி எய்து பார்க்கலாம். இடித்தால் பவுடரில் தடம் விழும். பள்ளிக்குப் பவுடர் டப்பா கொண்டுவர அனுமதி கிடைத்தது இதற்கு மட்டுமே.

தோழியிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் சிரித்துக்கொண்டே, "அது சரி, கடையில் மலிவாகக் கிடைத்ததென்று அந்த ஒட்டும் நாடாவை வாங்கி வந்தது யார்?" என்றாள்.

நாங்கள்தாம்.